காலியா வுடாத குழி

ஆட்டுக்கு யாரும் விஷம் வெக்கல சோபனா. வேடியப்பன் வெக்கவே இல்ல. ஆடு செத்தது கெழங்குத் தோலால. அதே கெழங்குதான் எங்க அக்கா வூட்டு அடுப்புல வெந்துட்டு இருந்துச்சு, இப்ப அக்கா போன எடுக்க மாட்டேங்குது.

ரிங்கு போகுது, போகுது, நின்னுடுது. மறுபடியும் அடிக்கறேன். மறுபடியும் நின்னுடுது.

நீ தூங்கிருப்ப, தெரியும். காலைல பாத்தாலும் பரவால்ல. யாருக்காவது எழுதிட்டே இருக்கலன்னா எனக்கு என்னமோ ஆயிடும் போல இருக்குது. தப்பு தப்பா அடிச்சா கண்டுக்காத. வூட்டுல நான் மட்டும்தான். அப்பா டிவிஎஸ் எடுத்துட்டு பென்னாகரம் தாண்டி அக்கா ஊருக்குக் கெளம்பிருச்சு. சொட்டர் கூட போட்டுக்கல.

சாயந்தரம் அக்காதான் போன் பண்ணுச்சு. ஒரே அழுகை.

"மூணும் போச்சு கலை. நொரை தள்ளி, காலு வெட்டி வெட்டி, பட்டியிலயே வுழுந்துருச்சு. ஒண்ணு செனை ஆடுடி."

"என்னக்கா தின்னுச்சு?"

"என்னத்த தின்னும்? கட்டிப் போட்டுதான் இருந்துச்சு. பொங்கலுக்குன்னு இன்னைக்குப் புதுக் கெழங்கு தோண்டுனோம், அந்தத் தோலப் போட்டேன். அத எப்பவும்தான் திங்கும். இது அந்த வேடியப்பன் வேலை. ஆடு அவன் கொல்லையில பூந்துச்சுன்னு போன வாரம் அந்தக் கத்து கத்துனான் இல்ல, மனசுல வெச்சுருந்து பண்ணிட்டான். உங்க மாமா அவன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்குது."

பின்னாடி காவேரி நொச்சு நொச்சுன்னு கேட்டுட்டே இருக்குது. அக்கா பொண்ணுதான், நாலு வயசு, நீ போட்டோவுலதான் பாத்துருப்ப. "அம்மா, புட்டு எப்ப? அம்மா, புட்டு எப்ப?"

"இருடி, கெழங்கு வேகட்டும். வெல்லம் தட்டி வெச்சுருக்கேன் பாரு," அப்படின்னு சொல்லிட்டு அக்கா வெச்சுருச்சு.

ஸ்பீக்கர்லதான் போட்டுருந்தேன். அப்பா சோறு தின்னுட்டு இருந்துச்சு. தட்டுல கையி அப்படியே நின்னு போச்சு.

"எந்தக் கெழங்கு தோண்டுனாங்களாம்?"

"அருள்குமார் அண்ணன் குடுத்த குச்சிதான்பா. செகப்புச் சீட்டு."

அப்பா தட்டுலயே கைய கழுவிருச்சு. எங்க அப்பா சோத்துல தண்ணி ஊத்தி நான் பாத்ததே இல்ல. "அடி, அவளுக்கு அடி, திங்க வேணாம்னு சொல்லு"ன்னு கத்துச்சு. அப்ப இருந்து அடிக்கறேன். ஆடு செத்ததப் பாக்க ஊரே கூடிருக்கும், போனு உள்ள எங்கயாவது கெடக்கும். அப்படித்தான் நெனச்சுக்கறேன்.

செகப்புச் சீட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. எங்க கொல்லையில ஆராய்ச்சிக்காரங்க குச்சிக்கெழங்கு, அதான் மரவள்ளி, வெச்சாங்கன்னு சொன்னேன் இல்ல, நாம ஒம்பதாவது படிக்கறப்ப. அதுக்கு வந்தவருதான் அருள்குமார் அண்ணன். பைக்குல டேப்லெட்டும் ஒரு பெரிய பையுமா வருவாரு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கலர்ல சீட்டு கட்டி, ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம்னாரு. மஞ்சச் சீட்டு ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க, பச்சைச் சீட்டு இன்னொரு தாய். அந்த மாரி.

"எங்க நெலையத்துத் தாய்ச்செடி இலையில பொட்டு சைசுக்கு ஓட்டை போட்டு அனுப்பிட்டோம்ணா," அப்பாகிட்ட சொன்னாரு. "அதுல இருந்து இந்தக் குச்சியோட மரபு மொத்தத்தையும் படிச்சுருவாங்க. கெழங்கு எறங்கறதுக்கு முன்னாடியே எவ்ளோ வெளையும், எவ்ளோ மாவு, கசக்குமா இனிக்குமா, தேமல் நோவு வருமா, எல்லாத்தையும் கம்ப்யூட்டரு சொல்லிரும்."

"அப்ப ஜாதகம்னு சொல்லு."

"அதேதான்ணா."

"ஜாதகம் பாக்கறவனுக்கு அனுபவம் வேணுமேப்பா. உன் கம்ப்யூட்டரு எங்க போயி கத்துக்கிச்சு?"

"நைஜீரியா, தான்சானியா, தாய்லாந்துன்னு பல நாட்டுக் கொல்லையிலண்ணா. அங்க இலையையும் படிச்சு, தோண்டுனப்ப என்ன வந்துச்சுங்கறதையும் குடுத்துக் குடுத்து வந்துருக்காங்க. அதப் பாத்துப் பாத்து கத்துக்கிச்சு. ஆனா அங்க பலிச்சது இந்த மண்ணுல பலிக்கணும்னு இல்ல. பலிக்கலன்னா நம்ம கொல்லையக் காட்டி அதுக்குத் திருத்திச் சொல்லித் தரணும். அதுக்குதான் உங்ககிட்ட வந்துருக்கோம்."

"அப்ப நான் வாத்தியாரு," அப்படின்னு அப்பா மீசைய தடவிக்கிச்சு. நான் சிரிச்சேன். எட்டாவது பெயிலு வாத்தியாருன்னு சொன்னேன். "ஆமா, இவ கலெக்டரு"ன்னுச்சு.

அன்னைக்கு அருள்குமார் அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கறாரா சொன்னாரு. "குச்சி செத்தா செத்ததுதாண்ணா. அந்தக் குழியில வேற குச்சி நட்டுறக் கூடாது. செத்ததும் ஒரு கணக்குதான். சீட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும்." அப்பா தலையாட்டுச்சு. எங்க அப்பா தலையாட்டுனா ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல சோபனா, காதுல வுழுந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அது எங்க வூட்டுக்குத் தெரியும். வெளியாளுக்குத் தெரியாது.

அந்த வருசம் மழையே இல்ல, உனக்கு ஞாபகம் இருக்கும். போர்ல காத்துதான் வந்துச்சு. செகப்புச் சீட்டுல முக்காவாசி மொளைச்சு, ரெண்டு இலை வுட்டு, அப்படியே கருகிருச்சாம். இன்னைக்கு அப்பா கெளம்பறப்ப சொல்லித்தான் எனக்கே இது தெரியும். நான் பள்ளிக்கூடம் போயிருந்தப்ப அப்பா வரப்போரத்துல இருந்த எங்க வூட்டுக் குச்சிய, நாங்க திங்கறதுக்கு வெச்சுருக்கற குச்சிய, வெட்டி எல்லாக் குழியிலயும் நட்டுருச்சு. குடத்துல தண்ணி மொண்டு ஊத்தி காப்பாத்திருக்குது. சீட்டெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. அருள்குமார் அண்ணன் மொதத் தடவ எண்ண வர்றதுக்குள்ள எல்லாம் துளுத்துருச்சு.

ஏம்பா, அவரு அவ்ளோ சொல்லியும் ஏன்னு கேட்டேன். செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லுச்சு. "உங்கம்மா நம்மள வுட்டுப் போன வருசமும் குழி காலியாத்தான கெடந்துச்சு."

எங்க அம்மா செத்தப்ப நீ வந்துருந்த. அந்த வருசமும் கொல்லையில பாதி மொளைக்கல. நட்ட கொல்லையில குழிய காலியா வுடாத, வூட்டுல ஆள் கொறையும்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சு. எங்க பக்கம் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. அப்பா அத சிரிச்சு ஒதுக்கிருச்சு. தை மாசம் அம்மா காய்ச்சல்ல போயிருச்சு. அதுக்கப்பறம் எங்க கொல்லையில ஒரு குழி காலியா இருந்து நான் பாத்ததில்ல. வெண்டைக்காப் பாத்தியில கூட.

நான் ஏன் அப்பவே யோசிக்கலன்னு தெரியல. அருள்குமார் அண்ணன் எண்ணிட்டு குதிக்காத கொறைதான். "அண்ணா, பல எடத்துல பாதிக்குப் பாதி போயிருச்சு. உங்களுதுல ஒண்ணு கூட சாவல!"

"கையி அப்படி," அப்பா சொல்லுச்சு.

இன்னொரு நாளு அவரே நின்னு நின்னு பாத்துட்டு, "என்னண்ணா, செகப்புச் சீட்டு இலையெல்லாம் அச்சு மாரி ஒரே தினுசா இருக்குது?"ன்னு கேட்டாரு.

"ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கன்னு நீதானப்பா சொன்ன."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான்தான் டீ கொண்டு போயி குடுத்தேன்.

அப்பறம் தோண்டுனாங்க. கெழங்க சீவி சின்ன டப்பாவுல போட்டு, உள்ள ஒரு மஞ்சக் காயிதத்த தொங்க வுட்டு மூடி வெப்பாங்க. வெசம் அதிகமா இருக்கற கெழங்குன்னா மறுநாளு காயிதம் செங்கல் நெறத்துக்கு மாறிடும். செகப்புச் சீட்டு காயிதம் எல்லாம் மஞ்சளாவே இருந்துச்சு. மஞ்சளாத்தான இருக்கும், அது எங்க வூட்டுக் கெழங்கு. ஆனா கம்ப்யூட்டரு என்ன சொல்லிருந்துச்சு தெரியுமா? செகப்புச் சீட்டு மாவு கட்டும், ஆனா கடும் கசப்பு, திங்க ஆகாது, ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக்குத்தான் ஆவும்னு சொல்லிருந்துச்சு.

பெரிய பெரிய ஆபீசருங்க கார்ல வந்தாங்க. எங்க வேப்ப மரத்தடியில லேப்டாப்ப வெச்சு வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்ட பேசுனாங்க. ஒரு மேடம் தலையில கலர் துணி கட்டிக்கிட்டு, அவ்ளோ அழகா சிரிச்சாங்க. அப்பாவப் பாத்து கைய ஆட்டுனாங்க. அப்பாவும் ஆட்டுச்சு. கொல்லை சொல்றதுதான் நெசம், கம்ப்யூட்டருக்கு இந்த ஊரு மண்ணு புரியல, இதக் குடுத்து அதுக்குக் கத்துக் குடுக்கணும்னு பேசி முடிச்சாங்களாம். "உங்க கொல்லை கம்ப்யூட்டர தோக்கடிச்சுருச்சுண்ணா!" அப்படின்னு அருள்குமார் அண்ணன் சொல்ல, அப்பாவுக்கு சால்வ போத்துனாங்க. அந்தப் போட்டோ இப்பவும் எங்க வூட்டுச் செவுத்துல மாட்டிருக்குது. நான் அதுக்கு முதுகு காட்டி ஒக்காந்துட்டு எழுதறேன்.

அதுக்கப்பறம்தான் அவரு கேட்டாரு, செகப்புச் சீட்டு திங்கற ரகம்னு ஆயிருச்சு, வேற மண்ணுலயும் வெச்சுப் பாக்கணும், யாராவது இருக்காங்களான்னு. எங்க அப்பா பெருமையா மாப்பிள்ளைய கை காட்டுச்சு. மாமாவுக்குக் குடுத்த குச்சி எங்க கொல்லையில வெட்டுனது இல்ல. ஆராய்ச்சி நெலையத்துல தாய்ச்செடி வெச்சுருக்காங்க, அதுல வெட்டுனது. அசல் செகப்புச் சீட்டு. புரியுதா? எங்க கொல்லையில செத்துப் போன அந்தக் கெழங்கு. யாருமே தின்னு பாக்காத கெழங்கு.

அப்பா கெளம்புனதும் நான் அருள்குமார் அண்ணனுக்கு அடிச்சேன். எடுத்தாரு. பின்னாடி டிவி ஓடிட்டு இருந்துச்சு.

"சொல்லு பாப்பா, என்ன இந்நேரத்துக்கு?"

சொன்னேன். மொதல்ல "ஏய், வெளையாடாத"ன்னாரு. அப்பறம் டிவி சத்தம் நின்னு போச்சு.

"எல்லா செகப்புச் சீட்டுலயுமா?"

"செத்த எடத்துல எல்லாத்துலயும் நட்டுச்சாம்ணா. நீங்க தோண்டுனதெல்லாம் எங்க வூட்டுக் கெழங்குதான்."

"ஐயோ..."

"அண்ணா, வேக வெச்சா அந்த வெசம் போயிருமா?"

"கொஞ்சம் போவும். எவ்ளோன்னு எப்படி சொல்றது? மழை இல்லன்னா இன்னும் ஏறும். யாரும் திங்க வேணாம்னு சொல்லு பாப்பா, ஒரு வாய் கூட வேணாம். நான்தான் பொங்கல் முடிஞ்சு வந்து காயிதம் வெச்சுப் பாக்கறேன், அது வரைக்கும் தோண்டாதீங்கன்னு சொல்லிருந்தேனே!"

"நீங்கதானண்ணா இனிப்பு ரகம்னு சொன்னீங்க."

எனக்குச் சொல்றாரா, அவருக்கே சொல்லிக்கறாரான்னு தெரியாத மாரி பேசுனாரு. "கம்ப்யூட்டரு மொதல்லயே சரியாத்தான் சொல்லுச்சு. நாங்கதான் அத மாத்துனோம்."

"மாத்துனத மறுபடியும் மாத்திருங்க."

"மாத்தலாம். ஆனா அங்க வெளிநாட்டுல இந்த சீசனே அத வெச்சுதான் நாத்து பொறுக்கிருக்காங்க பாப்பா. கெழங்கு எறங்கறதுக்கு முன்னாடியே, இலைய மட்டும் படிச்சு. செகப்புச் சீட்டு மாரி மரபு இருக்கறதெல்லாம் திங்கலாம்னு."

"எங்கண்ணா?"

அவரு ஊர் பேரு சொல்லல. "உங்க அப்பா மட்டும்தான இப்படி பண்ணாரு? வேற யாரும் இல்லியே?"ன்னு கேட்டாரு. அந்தப் பரிசோதனைய நல்லம்பள்ளி பக்கம் எத்தனையோ பேரு கொல்லையில வெச்சாங்க. எங்க பக்கத்துக் கொல்லை வெங்கடாசலம் மாமாவோடதுலயும் வெச்சாங்க. அந்தக் காஞ்ச வருசத்துல அவரு கொல்லையிலயும் ஒரு சந்து கூட இல்லாம பச்சையா நின்னுச்சு. நான் தெனம் அது வழியாத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

டார்ச் எடுத்துட்டு அவரு வூட்டுக்கு ஓடுனேன். அவருகிட்ட கார் இருக்குது, கூட்டிட்டுப் போயிருவாருன்னு நெனச்சேன். கேட்டுக்கு உள்ள நின்னுட்டே பேசுனாரு.

"மாமா, அக்கா அந்தக் கெழங்க வேக வெச்சுருச்சு மாமா. கார எடுங்க. குச்சி செத்த எடத்துல எல்லாம் அப்பா வேற நட்டுருச்சாம், அதான் இப்படி. நீங்களும் நட்டீங்களா?"

அவரு என் மூஞ்சிய பாக்காம எனக்குப் பின்னாடி ரோட்டப் பாத்தாரு. "அருள்குமார் வந்துருக்கானா?"

"இல்லீங்க மாமா. நான் மட்டும்தான்."

"யாரும் கேக்கச் சொல்லி அனுப்பல?"

"இல்லீங்க."

"எனக்கு ராத்திரியில கண்ணு சரியா தெரியாது பாப்பா, காட்டு ரோடு அது. போயி தாப்பா போட்டுட்டு படு. ஒண்ணும் ஆவாது." கதவ சாத்திட்டாரு. வாசல் லைட்டும் நின்னுருச்சு. நட்டேன்னும் சொல்லல, நடலன்னும் சொல்லல.

திரும்பி வர்றப்ப எங்க கொல்லையோரமா வந்தேன். காத்துல குச்சித் தழை உரசற சத்தம் தெனம் கேக்கறதுதான். இன்னைக்கு அது பக்கத்துல நின்னு யாரோ குசுகுசுன்னு பேசற மாரி இருந்துச்சு. ஓடி வந்துட்டேன்.

வந்ததும் அப்பா போன் பண்ணுச்சு. பென்னாகரம் தாண்டி காட்டுக்குள்ள நுழையற எடத்துல பாரஸ்ட்காரங்க நிறுத்திட்டாங்களாம். ரோட்டுல யானை.

"கூட்டமா நிக்குதாம் பாப்பா. குட்டி வேற இருக்குதாம். லாரி ஏதாவது வந்தா அது பின்னாடியே போலாம்ங்கறாங்க. அவ எடுத்தாளா?"

"இல்லப்பா."

"அடிச்சுட்டே இரு."

"சரிப்பா."

வெச்சுரும்னு நெனச்சேன். வெக்கல. "நான் ஒரு குழியக் கூட காலியா வுடலையே பாப்பா," அப்படின்னுச்சு. அழுவுதுன்னு நெனைக்கறேன். எங்க அப்பா அழுது நான் கேட்டது அம்மாவுக்கு அப்பறம் இதான்.

நான் மறுபடியும் அக்காவுக்கு அடிச்சேன். எடுத்துருச்சு சோபனா! ஆனா அக்கா இல்ல.

"யாரு?"

"காவேரி! சித்தி பேசறேன் சாமி. அம்மா எங்க?"

"அம்மா படுத்துருக்குது."

"எழுப்பு. சித்தி கூப்புடுதுன்னு சொல்லு."

"வாந்தி எடுத்துச்சு. தலை சுத்துதுன்னு படுத்துருச்சு. கூப்புட்டா பேச மாட்டேங்குது."

"நீ புட்டு தின்னியா சாமி?"

நான் திட்டப் போறேன்னு நெனச்சுருக்குது. அப்பறம் மெதுவா, "வெல்லத்த மட்டும் பொறுக்கித் தின்னேன் சித்தி. புட்டு கசந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாத. அம்மா ஆசையா செஞ்சுது."

"சொல்ல மாட்டேன். இனி அதத் தொடாத, வெல்லத்தையும் தொடாத. வெளிய போயி யாரையாவது கூப்புடு."

"வெளிய ஆடு செத்துக் கெடக்குது. எனக்கு பயமா இருக்குது."

அக்கா போனு பேட்டரி உப்பிப் போன போனு. அப்படியே அணைஞ்சுருச்சு.

108க்கு அடிச்சேன். நல்லாத்தான் பேசுனாங்க. வண்டி அனுப்பறோம், ஆனா அந்த ஊருக்குள்ள போற வழி வண்டிக்குத் தெரியாது, மெயின் ரோட்டுல யாராவது நின்னு காட்டணும்னு சொன்னாங்க. அக்கா வூட்டுக்கார மாமாவுக்கு அடிச்சேன். என்னப் பேசவே வுடல. "வேடியப்பன உள்ள தள்ளாம வர மாட்டேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிரு!" கட் பண்ணிருச்சு. மறுபடி அடிச்சா சுவிட்ச் ஆஃப். அவங்க வூடு ஊருக்கு வெளிய, கொல்லைக்கு நடுவுல. பக்கத்துல ஒரே ஒரு வூடுதான். வேடியப்பன் வூடு.

அந்த நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. போன மாசம் அக்கா போனு ரிப்பேர் ஆனப்ப அவங்க வூட்டுப் போன்லதான் பேசுச்சு. அப்ப சண்டையெல்லாம் இல்ல. வேடியப்பன் சம்சாரம் சென்னம்மாள் அக்காதான் போன கொண்டு வந்து குடுத்துச்சாம். காவேரிக்கு கம்மங்கூழு கொண்டு வந்து ஊட்டுமாம்.

"யாரு?"

"சென்னம்மாக்கா, நான் சுகுணா தங்கச்சிங்க, கலைமதி..."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி எனக்குப் போன் பண்ற? எங்க வூட்டுக்காரர சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான் உங்க மாமன். எம் புள்ளைங்க பாக்கப் பாக்க."

"தப்புதாங்கக்கா. அவரு ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணலீங்க. கெழங்குலதான் வெசம். எங்க அப்பா பண்ண வேலையால..."

"இப்ப சொல்லு. அங்க அடி வாங்கி முடிச்சப்பறம் சொல்லு."

"அக்காவும் அதையே தின்னுருச்சுங்க. வாந்தி எடுத்துட்டு படுத்துருக்குது, கூப்புட்டா பேசலியாம். காவேரி மட்டும்தான் முழிச்சுட்டு இருக்குது. ஆம்புலன்ஸ் வருது, யாராவது ரோட்டுல நின்னு வழி காட்டணும். உங்க கால்ல வுழறேன், ஒரே ஒரு தடவ போயி பாருங்கக்கா."

அங்க நாயி கொலைக்கற சத்தம் கேட்டுச்சு.

"நான் போயி அந்த வாசல மிதிச்சு, உங்க அக்காளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ஆட்டுக்குப் புருசன் வெச்சான், ஆளுக்குப் பொண்டாட்டி வந்து வெச்சான்னு சொல்லுவானுங்களா, மாட்டானுங்களா?"

"நான் சொல்றேங்கக்கா. நான்தான் உங்களப் போகச் சொன்னேன்னு எல்லாருகிட்டயும் சொல்றேன்."

"நீ சின்னப் புள்ள. உன் பேச்ச எவன் கேப்பான்? உங்க அப்பன் சொல்லுவானா? நாலு பேரு முன்னாடி நின்னு, நான்தான்யா செத்த குழியில மாத்தி நட்டேன், என்னாலதான்னு, சொல்லுவானா?"

சொல்லும்னு சொல்லிருக்கணும். வாயி வரைக்கும் வந்துச்சு. ஆனா எதுக்குத் திரும்புனேனோ, செவுத்துல அந்த சால்வ போட்டோதான் தெரிஞ்சுது. ஒரு நொடிதான் சோபனா, ஒரே ஒரு நொடி நான் பேசாம இருந்துட்டேன். "சொல்லும்ங்கக்கா, கண்டிப்பா சொல்லும்"னு சொல்றதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரு சத்தம். கதவு நாதாங்கி சத்தம். அதோட லைன் கட்டாயிருச்சு.

திரும்ப அடிச்சேன். ரிங்கு போகுது, யாரும் எடுக்கல. போன வூட்டுலயே வெச்சுட்டுப் போயிருந்தா எடுக்காது. வேணும்னே எடுக்கலன்னாலும் எடுக்காது. அப்பாவுக்கு அடிச்சா சிக்னல் இல்ல. லாரி வந்து அது பின்னாடி போயிட்டு இருக்குதா, யானை கிட்ட நிக்குதா, அதுவும் தெரியல.

எங்க அக்காவுக்காவது போன் பண்ண ஒரு நம்பர் இருந்துச்சு. எனக்கு அந்தத் தலையில துணி கட்டுன மேடம் ஞாபகமே வருது. அவங்க ஊர்ல யாரோ ஒருத்தி இப்ப நாத்துக்கு நடுவுல நின்னுட்டு, எங்க அப்பா குடத்துல தண்ணி மொண்டு ஊத்தி வளத்த பொய்ய நம்பி, இது இனிக்கும்னு பொறுக்கி எடுத்துட்டு இருப்பா. அவளுக்கும் நாலு வயசுல ஒண்ணு பக்கத்துல நின்னு எப்பம்மா எப்பம்மான்னு கேட்டுட்டு இருக்கும். அவளுக்கு யாரு அடிச்சு சொல்றது? அருள்குமார் அண்ணனுக்கு இப்ப மறுபடியும் அடிச்சேன், பிஸின்னு வருது. யாருகிட்டயாவது சொல்லிட்டு இருக்காருன்னு நம்பறேன்.

கண்ண மூடுனா அந்த நாதாங்கி சத்தம்தான் கேக்குது. எங்க வூட்டு நாதாங்கியப் போட்டுப் பாத்தேன், எடுத்துப் பாத்தேன், மறுபடியும் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒரே மாரிதான் கேக்குது.

சோபனா, அது கதவ தொறந்த சத்தமா, சாத்துன சத்தமா?